விபி ஹால் நாடகங்கள்: சென்ட்ரலுக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று

மூர்மார்க்கெட் மணி:

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். விக்டோரியா பப்ளிக் ஹால். பாதிப் பேர் அதையும் மாநகராட்சி ஆபீஸின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். ரிப்பன் கட்டடம் வந்ததே 1913-ல்தான், இது அதற்கு இருபது முப்பது வருஷம் மூத்தது. 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி (ஆந்திரத்து விஜயநகரம், ஹம்பி இல்லை) அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் ராபர்ட் சிஸோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார், பேர் வந்தது விக்டோரியா மகாராணியின் 1887 பொன்விழாவை ஒட்டி. பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் 57 கிரவுண்டை நகரசபை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது, கிரவுண்டுக்கு எட்டணா வாடகை! இன்றைக்கு அந்த இடத்தின் விலையை நினைத்தால் தலை சுற்றும்.

நான் இழை தொடங்கியது கட்டடத்துக்காக இல்லை. கட்டடத்தைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், அந்தக் கோபுரத்துக் கூரையில் திருவாங்கூர் சாயல் தெரிகிறது, சுடுமண் வேலைப்பாடு அழகு என்றெல்லாம். உள்ளே என்ன நாடகம் நடந்தது, யார் நடித்தார்கள், யார் பார்த்தார்கள் என்பதுதான் என் ஆர்வம். என்னைக் கேட்டால் இன்றைக்கு நாம் ‘தமிழ் நாடகம்’ என்று சொல்வது, அதாவது உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற உரைநடை நாடகம், அது உருவானது இந்த ஹாலில்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

பின்வரிசை:

நான் பலமுறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை, எப்போது பார்த்தாலும் பூட்டுதான். ஹால் என்றால் கூட்டம் போடுகிற ஹாலா, நாடகத்துக்கென்றே கட்டியதா? மேடை நிரந்தரமாக இருந்ததா?

மூர்மார்க்கெட் மணி:

நகரத்துக்கு ஒரு பொது மண்டபம், ஆங்கிலேய ஊர்களில் டவுன் ஹால் இருக்கிற மாதிரி, அதுதான் முதல் எண்ணம். கூட்டம், சொற்பொழிவு, கச்சேரி, நாடகம் எல்லாம் நடந்தது. கீழே ஒரு கூடம், மாடியில் ஒரு கூடம், மரத்தால் ஆன கேலரி. விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்து திரும்பி 1897 பிப்ரவரியில் சென்னை வந்தபோது பேச ஏற்பாடானது இங்கேதான். உள்ளே கொள்ளாத கூட்டம் வெளியே நிற்க, அவர் வெளியே வந்து குதிரை வண்டியின் மேல் நின்று பேசினார், கீதையைப் போலத் தேர்த்தட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே. அப்புறம் நிதானமாக உள்ளே வேறொரு நாள் பேசினார். சென்னையின் முதல் சினிமாக் காட்சிகளும் 1890களின் கடைசியில் இதே இடத்தில்தான், ஸ்டீவன்சன் என்ற புகைப்படக் கடைக்காரர் துண்டுப் படங்கள் சிலவற்றைத் திரையிட்டார். சரி, நாடகத்துக்கு வருவோம்.

திரைச்சீலை:

மணி சார் தொட்டுக் கொடுத்துவிட்டார், இனி நான் சும்மா இருக்க முடியாது. சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழு இல்லாமல் விபி ஹால் கதை கிடையாது.

1891-ல் பல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் தன் சரச வினோதினி சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். அவர் தொழிலில் வக்கீல். கூட நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். பார்த்தவர்களில் ஒருவர் பதினெட்டு வயது பம்மல் சம்பந்த முதலியார், சுருக்கமாகச் சம்பந்தம். அதுவரை அந்தப் பையனுக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளப்பம், ஆங்கில நாடகம் படித்து வளர்ந்தவர், தெருக்கூத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். படித்த மனிதர்களும் வேஷம் கட்டலாம், அதனால் மானம் போகாது என்று அன்றைக்குத்தான் தோன்றியதாக அவரே ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். உடனே நண்பர்களைச் சேர்த்து அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி சபையைத் தொடங்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் ஏழே பேர், எல்லாரும் பொடியன்கள்.

அடுத்த நாற்பது சொச்சம் வருஷம், அதாவது 1936 வாக்கில் மவுண்ட் ரோட்டுக்குச் சொந்த இடத்துக்குப் போகும்வரை, சபைக்கு விபி ஹால்தான் வீடு. ‘புஷ்பவல்லி’ முதலில் வந்தது. ‘லீலாவதி சுலோசனா’ சபையின் பெயரை ஊருக்குள் நிறுத்தியது. அப்புறம் ‘மனோகரா’. பிறகு ஷேக்ஸ்பியர் வரிசை: ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனது, மாக்பெத் ‘மகபதி’, வெனிஸ் வணிகன் ‘வாணீபுரத்து வணிகன்’, ‘சிம்ஹளநாதன்’, ‘விரும்பிய விதமே’. பெயரை மட்டும் மாற்றிய வேலை இல்லை அது. ஊர், உறவு, மரியாதை எல்லாவற்றையும் நம் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மொத்தம் எண்பதுக்கும் மேல் எழுதினார். பகலில் வக்கீல், பிறகு சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி, சாயங்காலம் முகத்தில் அரிதாரம்.

இவருடைய உண்மையான புரட்சி எது என்றால் நேரம். கம்பெனி நாடகம், அதாவது காசுக்கு நடிக்கும் தொழில்முறைக் குழுக்களின் நாடகம், ராத்திரி ஒன்பது, பத்துக்குத் தொடங்கி விடியும்வரை போகும். மறுநாள் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் போகவேண்டியவன் அதைப் பார்க்க முடியாது, நடிக்கவும் முடியாது. சம்பந்தம் அதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார், பாட்டைக் குறைத்தார், வசனத்தை நம்பினார், எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்யவைத்து ஒத்திகை பார்த்தார். இதெல்லாம் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு, ஆர்மோனியக்காரர் மேடையோரத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜபார்ட்டோடு (கதாநாயக நடிகரோடு) பாட்டில் மல்லுக்கு நிற்பதுதான் நாடகத்தின் உச்சம்.

வால்டாக்ஸ் வாசி:

இப்போது நான் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சென்ட்ரலுக்கு மேற்கே விபி ஹால். சென்ட்ரலுக்குக் கிழக்கே, ஸ்டேஷன் மதிலை ஒட்டிப் போகிற வால்டாக்ஸ் ரோட்டில் என்ன இருந்தது என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்? ஒற்றைவாடை தியேட்டர். நடுவில் ரயில் தண்டவாளம், அவ்வளவுதான் தூரம். நீங்கள் எழுதுகிற சரித்திரத்தில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது.

சுகுண விலாச சபையில் யார் யார் இருந்தார்கள்? சர் சி.பி. ராமசாமி ஐயர், வி.வி. சீனிவாச ஐயங்கார், சத்தியமூர்த்தி. வக்கீல், ஜட்ஜ், திவான். அவர்களுக்கு நாடகம் பொழுதுபோக்கு, வயிற்றுப்பாடு இல்லை. ‘அமெச்சூர்’ என்று பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள், ஏனென்றால் காசுக்கு நடிப்பவன் கூத்தாடி. இந்த மனப்பான்மையைத்தான் நீங்கள் ‘படித்தவர்கள் நாடகத்துக்கு மரியாதை தேடிக் கொடுத்தார்கள்’ என்று சொல்கிறீர்கள். மரியாதை யாரிடமிருந்து யாருக்கு?

அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது, கூட்டமும் உட்கார்ந்திருக்கிறது. ‘அமலாதித்யன்’ எங்கே நடக்கிறது?

ஒற்றைவாடையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ். மருத்துவர் குலம் (முடிதிருத்தும் சமூகம்) என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. அதையும் தாண்டி முருகனாக வேஷம் கட்டி, மேடையில் திடீரென்று தேசியப் பாட்டு பாடுவார், வெள்ளைக்காரனைக் கொக்காக்கிக் கிண்டல் செய்கிற பாட்டு ஊரெங்கும் பிரபலம். போலீஸ் மேடைக்கே வந்து கைது செய்யும், வெளியே வந்து மறுபடி பாடுவார். 1940 டிசம்பர் 31 ராத்திரி, ஒற்றைவாடையில் வள்ளி திருமணம். மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போய்விட்டது. விபி ஹாலில் இப்படி யாராவது நாடகத்துக்கு உயிரைக் கொடுத்தார்களா?

திரைச்சீலை:

வாசி அண்ணே, விஸ்வநாத தாஸைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது, அதனால்தான் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள் 😀

ஆனால் நீங்கள் சொல்கிற கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சபா ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம் என்று தண்டவாளம் போட்டுப் பிரிக்கிற மாதிரி அது இருக்கவில்லை. ‘மனோகரா’வை எடுத்துக்கொள்ளுங்கள். விபி ஹாலில் வக்கீல்கள் நடித்த நாடகம்தான், ஆனால் கம்பெனிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயின. சங்கிலியால் கட்டிய மனோகரன் தர்பாரில் வந்து நிற்கிற காட்சி தமிழ்நாட்டில் தெரியாத கிராமம் இல்லை. 1936-ல் அது படமானபோது சம்பந்தமே அரசர் புருஷோத்தமனாக நடித்தார், ஓடவில்லை. 1954-ல் கருணாநிதி வசனத்தில் சிவாஜி அந்தச் சங்கிலியை இழுத்தபோது ஊரே எழுந்து நின்றது. கதை விபி ஹாலில் பிறந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் ‘சபாபதி’. முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி, ரெண்டும் ரெண்டு விதமான மடையர்கள். 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் படமாக எடுத்தார், டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். இன்றைக்குப் போட்டாலும் சிரிப்பு வருகிறது. காளி என். ரத்தினம் யார்? சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில் ஊறி வந்த ஆள். சபா எழுத்தும் கம்பெனி நடிப்பும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் அந்தப் படம் நின்றது.

இன்னொன்று, சத்தியமூர்த்தியைத் திவான்களோடு ஒரே வரியில் போட்டுவிட்டீர்கள். அவர் ‘மனோகரா’வில் நடித்தவர், ஜெயிலுக்கும் போனவர். கம்பெனி நடிகர்களைக் காங்கிரஸ் மேடைக்குக் கூட்டிவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தண்டவாளத்தைக் கடந்து போன ஆள் அவர்.

வால்டாக்ஸ் வாசி:

சத்தியமூர்த்தி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஒரு சத்தியமூர்த்தியை வைத்துச் சபைக்கே வெள்ளையடிக்க வேண்டாம். சம்பந்த முதலியாருக்கு 1916-ல் ராவ் பகதூர் பட்டம் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கும்பகோணத்துக் காவேரி:

இரண்டு பேரும் மாறி மாறி ஆண்களைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா?

விபி ஹாலில் சபை நாடகத்தில் பெண்வேடம் கட்டியவர்கள் ஆண்கள். சம்பந்தத்துக்கு ஜோடியாக வருஷக்கணக்கில் நாயகி வேஷம் போட்டவர் ரங்கவடிவேலு. சம்பந்தம் தன் நினைவுகளில் அந்த நண்பரைப் பற்றி எழுதுகிற பக்கங்கள் மனதை உருக்கும், ஆனால் நடிகைகளைப் பற்றிய பொது மரியாதை அன்றைக்கு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். குடும்பப் பெண் மேடை ஏற மாட்டாள், மேடை ஏறியவளைச் சபை சேர்க்காது. அதனால் ஆண்.

இதே 1890களில் எங்கள் ஊரில் பாலாமணி அம்மாள் ஒரு கம்பெனி நடத்தினார். எல்லா வேடமும் பெண்களே, ஆண்வேடம் உட்பட. அவர் நாடகம் பார்க்க வெளியூர்க் கூட்டம் வருவதற்காகவே ரயில் விட்டார்கள், ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பேர். ‘தாரா சசாங்கம்’ பார்க்க ஜமீன்தார்களும் மிராசுதார்களும் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். காசு கொட்டியது, கடைசியில் வறுமையில் போய்ச் சேர்ந்தார். நாடகத் தந்தை, நாடகத் தலைமையாசிரியர் என்று பட்டம் கொடுக்கிறோமே, ஒரு கம்பெனியையே தனியாகக் கட்டி நடத்திய அம்மாளுக்கு என்ன பட்டம் கொடுத்தோம்? கே.பி. சுந்தராம்பாள் வரும்வரை நம் சரித்திரத்தில் பெண்ணே கிடையாது என்கிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம். சுந்தராம்பாளையும் கிட்டப்பாவைச் சேர்த்துத்தான் சொல்வோம்.

பின்வரிசை:

காவேரி அக்கா சொன்னது முக்கியம். அந்த ரயில் சமாசாரம் எனக்குப் புதுசு.

ஒரு சின்ன சந்தேகம்: வெள்ளைக்காரர்கள் எங்கே நாடகம் போட்டார்கள்? அவர்களும் விபி ஹாலா?

மூர்மார்க்கெட் மணி:

எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-ல் வந்த பிறகு அவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம். அதையும் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார்தான். சுகுண விலாச சபையே ஆங்கில நாடகமும் போட்டது, தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் எல்லாம் கலந்த சபை அது. பல்லாரி ராகவா இங்கே நடித்திருக்கிறார், முதலில் சொன்ன கிருஷ்ணமாச்சாரியாரின் மருமகன் முறை. அன்றைய மதராஸ் மாகாணத்தை ஒரே மேடையில் பார்க்க வேண்டுமானால் இந்த ஹாலில் பார்க்கலாம். மொழிவாரி மாநிலம் வந்த பிறகு நாம் அதைத் ‘தமிழ் நாடகத்தின் தொட்டில்’ என்று மட்டும் சொல்கிறோம், தெலுங்கு நண்பர்கள் அவர்களுடையது என்கிறார்கள். இரண்டும் சரிதான்.

யாழ் வாசகன்:

வணக்கம். கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தனான், இந்த இழையில் எழுதாமல் விட மனமில்லை.

சுகுண விலாச சபையின் செல்வாக்குச் சென்னையோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள் போல. 1911-ல் சம்பந்த முதலியார் தன் குழுவோடு கடல் கடந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர். எங்கட பக்கம் அதுவரைக்கும் கூத்து இருந்தது, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இருந்தார்கள், இந்தியாவிலிருந்து வந்த கம்பெனிகளைப் பார்த்துப் பழகிய இசை நாடகம் இருந்தது. படித்த இளைஞர்கள் மேடை ஏறுவதென்பது இங்கேயும் குறைச்சலாகத்தான் பார்க்கப்பட்டது. சம்பந்தத்தின் குழுவில் வக்கீல்மார் வேஷம் கட்டினதைப் பார்த்த பிறகுதான் சபைகள் முளைத்தன. 1913-ல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை, யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபை. பேரைப் பாருங்கள், ‘விலாசம்’ விடவில்லை.

கலையரசு சொர்ணலிங்கம் ஐயா சம்பந்தத்தைத் தன் குருவாகவே கொண்டாடியவர். ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்று எழுதியிருக்கிறார், கிடைத்தால் வாசியுங்கள். வாணீபுரத்து வணிகனில் அவர் கட்டின ஷைலாக் வேஷத்தை எங்கட முந்தின தலைமுறை கதை கதையாகச் சொல்லும்.

வால்டாக்ஸ் வாசி ஐயா கேட்ட கேள்வி எங்கட பக்கத்திலும் இருக்கிறது. சபை நாடகம் வந்ததால் கூத்துக் கலைஞர்கள் இன்னும் ஒதுக்கப்பட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பிறகு பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை எடுத்துப் பல்கலைக்கழக மேடையில் ஏற்ற வேண்டி வந்தது. படித்தவன் விட்டதைத் திரும்பப் படித்தவனே போய் எடுத்துவர வேண்டியிருந்தது, அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

வால்டாக்ஸ் வாசி:

யாழ் தம்பி, கைகொடுங்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்ல வந்தேன், நீங்கள் சண்டையில்லாமல் சொல்லிவிட்டீர்கள்.

திரைச்சீலை:

இதில் ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பந்தம் கூத்தை மதிக்கவில்லை, உண்மை. ஆனால் அவர் எழுதியதெல்லாம் புத்தகமாக அச்சில் வந்தது, எப்போது யார் எந்த வேஷம் போட்டார்கள், எந்தக் காட்சியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், எது சொதப்பியது என்பதுவரை வருஷக் கணக்கோடு எழுதி வைத்தார். சபை நடிகர்களின் குணத்தைப் பார்த்து அதற்கேற்ப பாத்திரங்களை எழுதியதைக்கூட ஒளிக்காமல் சொல்கிறார். கம்பெனிக்காரர்களில் டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான அவ்வை சண்முகம் போல ஒருசிலரே அப்படி எழுதினார்கள். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தது என்று செவிவழியாக ஆயிரம் பேர் சொல்வார்கள், ஆனால் அரங்க அமைப்பு எப்படி, தந்திரக் காட்சிகளை யார் செய்தார்கள், கூலி எவ்வளவு என்று கேட்டால் கையில் ஒன்றுமில்லை. சரித்திரம் மேற்கே, விபி ஹால் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். எழுதி வைத்தவன் கதை நின்றுவிட்டது.

வால்டாக்ஸ் வாசி:

எழுதுவதற்கு நேரமும் மேஜையும் வேண்டும் தம்பி. ராத்திரி முழுக்க ஆடிவிட்டு மறுநாள் வண்டி கட்டி அடுத்த ஊருக்குப் போகிறவன் எங்கே எழுதுவான்.

அரங்கம் புதுசு:

அனைவருக்கும் வணக்கம், கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறேன். இவ்வளவு நேரம் படித்ததில் சம்பந்த முதலியார் நாடகம் ஒன்றை மேடை ஏற்றிப் பார்க்கலாமே என்று ஆசை வந்திருக்கிறது. எது சரிவரும்? ‘மனோகரா’ என்றால் எல்லாரும் சிவாஜியோடு ஒப்பிட்டுக் கொன்றுவிடுவார்கள். இன்னொன்று, விபி ஹாலிலேயே போட முடியுமா?

திரைச்சீலை:

‘மனோகரா’ வேண்டாம், நீங்களே காரணம் சொல்லிவிட்டீர்கள். ‘சபாபதி’ எடுங்கள். துண்டு துண்டான காட்சிகள், வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடலாம், செட் செலவு கிடையாது, ஒரு மேஜை நாற்காலி போதும். வசனத்தில் அந்தக் காலத்து மணிப்பிரவாளம் கொஞ்சம் இருக்கும், அதைத் திருத்தாதீர்கள், சிரிப்பே அதில்தான். படத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள், நாடகப் பிரதியைப் படித்துவிட்டு வாருங்கள். அவருடைய நூல்கள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கும்பகோணத்துக் காவேரி:

முதலாளி சபாபதி, வேலைக்காரன் சபாபதி ரெண்டு வேஷத்தையும் பெண்களுக்குக் கொடுங்கள். பாலாமணி அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டமாதிரி இருக்கும்.

மூர்மார்க்கெட் மணி:

ஹாலைப் பொறுத்தவரை, குத்தகை முடிந்து வழக்கு, இழுபறி என்று பல வருஷம் பூட்டியே கிடந்து, 2023-ல் மாநகராட்சி சிங்காரச் சென்னைத் திட்டத்தில் புதுப்பிக்கும் வேலையை எடுத்தது, முப்பது கோடிக்கு மேல். அங்கே நாடகத்துக்கு இடம் தருவார்களா, என்ன நிபந்தனை என்பதை ரிப்பன் கட்டடத்தில் நேரே போய் மனுக் கொடுத்துக் கேளுங்கள், பக்கத்துக் கட்டடம்தானே. மனுவில் சுகுண விலாச சபையின் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.

வால்டாக்ஸ் வாசி:

மனு எழுதும்போது ஒற்றைவாடையையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் கிடைத்தால் சொல்லுங்கள், நான் ஒரு ஆர்மோனியக்காரரோடு வருகிறேன், சம்பந்தம் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.